புழுவா, ஈயா, சுண்டெலியா? முதுமை ஆய்வுக்கு உயிரியைத் தேர்ந்தெடுத்தல்

முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "முதுமையடைதலைப் பற்றி ஆராய ஆசை. எந்த உயிரியில் செய்வது?" கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே நாலா பக்கமும் இழுபட்டுக்கொண்டிருப்பார். நெறியாளருக்குப் பழ ஈயில் நீண்ட பழக்கம் இருக்கும். சுண்டெலியில் செய்தால்தான் பெரிய ஆய்விதழில் வரும் என்று நண்பர் சொல்லியிருப்பார். இணையத்தில் கேட்ட உரையில் யாரோ கில்லி மீனைப் புகழ்ந்து தள்ளியிருப்பார்.

ஈஸ்ட், நூற்புழு, பழ ஈ, கில்லி மீன், சுண்டெலி ஆகிய ஐந்தையும், ஆய்வுக்கூடமே இல்லாதவர்களுக்கான ஆறாவது வழி ஒன்றையும் இங்கே எடைபோடுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்தாண்டு உதவித்தொகையோடு தொடங்கும் மாணவருக்கு உண்மையான போட்டி புழுவுக்கும் ஈக்கும் இடையில்தான். கேள்வி ஒரு மரபணுவைப் பற்றியது என்றால் புழு. ஓர் இனத்தொகையைப் பற்றியது என்றால் ஈ. மற்றவற்றுக்கும் இடம் உண்டு, ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் காலம். ஆயுள் பரிசோதனை முடிவது கடைசி உயிரி சாகும் நாளில். இடையில் எந்த அவசரமும் உதவாது. ஒருமுறை செய்தால் போதாது. தனித்தனியாக மூன்று முறை செய்து ஒரே திசையில் விடை வந்தால்தான் மதிப்பீட்டாளர்கள் ஏற்பார்கள். ஆகவே உங்கள் உயிரியின் ஆயுளை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். ரகத்தைத் தயார்செய்யும் காலத்தையும் ஆய்வேடு எழுதும் காலத்தையும் அதோடு கூட்டுங்கள். யுஜிசி, சிஎஸ்ஐஆர் உதவித்தொகை இளநிலையில் இரண்டாண்டு, முதுநிலையில் மூன்றாண்டு என ஐந்தோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, எத்தனை சாவுகளை எண்ண முடியும் என்பது. வயது ஏற ஏற இறப்பு வீதம் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பதை 1825இல் பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் காட்டினார். மனிதரில் அது சுமார் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. மிக முதிர்ந்த வயதிலும் அந்த ஏற்றம் தொடர்கிறதா? 1992இல் ஜேம்ஸ் கேரியும் கூட்டாளிகளும் 12 லட்சம் மத்தியதரைப் பழ ஈக்களின் சாவை எண்ணி, கடைசிக் காலத்தில் ஏற்றம் தளர்ந்துவிடுவதைக் கண்டார்கள். நூறு ஈக்களோடு தொடங்கியிருந்தால் அந்த வயதில் கணக்குச் சொல்ல ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. சராசரி ஆயுள் கூடியதா என்று மட்டும் கேட்டால் குழுவுக்கு நூறு போதும். முதுமையடையும் வேகமே குறைந்ததா, அல்லது எல்லா வயதிலும் சாவு ஒரே அளவு குறைந்ததா என்று பிரித்துக் கேட்டால் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

மூன்றாவது, மரபணுப் பின்னணி, அதாவது நாம் ஆராயும் மரபணுவைத் தவிர்த்து அந்த ரகத்தில் இருக்கும் மற்ற மரபணுக்கள். இந்தத் துறையில் அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2001இல், சர்2 என்ற மரபணுவின் கூடுதல் பிரதிகள் நூற்புழுவின் ஆயுளை ஐம்பது விழுக்காடு வரை நீட்டுவதாக ஒரு கட்டுரை வந்தது. 2004இல் பழ ஈயிலும் அதைப் போன்ற முடிவு. அந்த மரபணுவைத் தூண்டும் மருந்துகளைத் தேடி நிறுவனமே பிறந்தது, கோடிக்கணக்கான டாலர் கைமாறியது. 2011இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் டேவிட் ஜெம்ஸ், லிண்டா பாட்ரிட்ஜ் ஆகியோரின் குழுக்கள் அதே ரகங்களை எடுத்து, சாதாரண ரகத்தோடு பல தலைமுறை கலந்து, பின்னணியைச் சமப்படுத்திவிட்டுப் பார்த்தன. நீண்ட ஆயுள் மறைந்துவிட்டது. புழுவின் ஆயுளை நீட்டியது சர்2 அன்று. அதே ரகத்தில் ஒளிந்திருந்த, உணர்வு நரம்புகளைப் பாதிக்கும் வேறொரு திடீர்மாற்றம். முதலில் அறிவித்த குழுவும் மீண்டும் செய்துபார்த்து, பழைய எண் மிகை, சிறிய விளைவே மிஞ்சுகிறது என்று எழுதியது.

ஆகவே எந்த உயிரியை எடுத்தாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு ரகத்தைப் பத்துத் தலைமுறை கலந்து பின்னணியைச் சமப்படுத்த எத்தனை மாதம் ஆகும்? புழுவில் இரண்டு மாதத்துக்குள் முடியும். ஈயில் நான்கைந்து மாதம். சுண்டெலியில் இரண்டரை ஆண்டு. டிஎன்ஏ குறியீடுகளை வைத்துக் குட்டிகளைப் பொறுக்கினால் சுண்டெலிக்கு ஆகும் காலம் பாதியாகும், செலவு ஏறும்.

நான்காவது, மனித முதுமைக்கு எவ்வளவு நெருக்கம் என்பது. கடைசியாக, பராமரிப்பு: ரகங்களை உறையவைத்துச் சேமிக்க முடியுமா, மின்சாரம் நின்றால் என்ன ஆகும், விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டுமா. விண்ணப்பத்தில் கருவிச் செலவைக் கணக்கிடுபவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

| உயிரி | ஆயுள் | ஒரு தலைமுறைக்கு | ரகங்களைச் சேமித்தல் | நெறிக்குழு ஒப்புதல் | வலுவான இடம் |
|---|---|---|---|---|---|
| ஈஸ்ட் | தாய்ச் செல் சுமார் 25 முறை மொட்டுவிடும் | ஏறத்தாழ 90 நிமிடம் | உறைவியில் எளிது | தேவையில்லை | செல்லுக்குள் நடப்பது |
| நூற்புழு | 20 டிகிரியில் 2–3 வாரம் | 3–4 நாள் | உறைவியில் எளிது | தேவையில்லை | தனி மரபணுவின் பங்கு |
| பழ ஈ | 25 டிகிரியில் 2–3 மாதம் | 10–12 நாள் | உயிரோடு வளர்த்தே காக்கவேண்டும் | தேவையில்லை | இனத்தொகை, பரிணாமம், உறுப்புகள் |
| கில்லி மீன் | 4–6 மாதம் | சுமார் 2 மாதம் | முட்டைகள் மாதக்கணக்கில் உறங்கும் | தேவை | முதுகெலும்பியின் முதுமை |
| சுண்டெலி | 2–2½ ஆண்டு | சுமார் 3 மாதம் | விந்து, கரு உறைவு. சிறப்பு வசதி வேண்டும் | தேவை | மருந்து, பாலூட்டி உடலியல் |

## ஈஸ்ட்: செல்லோடு நின்றுகொள்பவர்களுக்கு

ரொட்டிக்கும் மதுவுக்கும் உதவும் அதே ஈஸ்ட்தான். ஒரு தாய்ச் செல் முடிவில்லாமல் மொட்டுவிட்டுக்கொண்டே போவதில்லை, ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது என்பதை மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் 1959இல் காட்டினார்கள். ஒவ்வொரு மகள் செல்லையும் நுண்ணோக்கியின் அடியில் மெல்லிய ஊசியால் பிரித்து ஒதுக்கி எண்ணுவதுதான் முறை. கேட்கச் சுலபமாக இருக்கும். செய்பவர் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கிக்குத் திரும்பவேண்டும்; இரவில் தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உறங்க முடியும். இயங்கக்கூடிய மரபணு நீக்க ரகங்கள் 4,698இன் மொட்டுக் கணக்கை எடுத்து, அவற்றில் 238 நீண்ட ஆயுள் உடையவை என்று 2015இல் ஒரு குழு வெளியிட்டது. அந்த வேலைக்கு ஏறக்குறைய பத்தாண்டு பிடித்தது.

மறைமுகச் செலவு வேறொரு வடிவில் வரும். மொட்டுவிடுவதை நிறுத்திய செல்கள் எத்தனை நாள் உயிரோடிருக்கின்றன என்று அளக்கும் இரண்டாவது முறை மலிவானது, அதனால் பலரும் அதற்குப் போகிறார்கள். அந்தக் குடுவையில் சேரும் அசிட்டிக் அமிலமே செல்களைக் கொல்வதில் பெரும்பங்கு வகிக்கிறது. அமிலத்தைச் சரிக்கட்டாமல் செய்தால் முதுமையை அளந்தோமா, அமிலத்தைத் தாங்கும் திறனை அளந்தோமா என்று தெரியாமல் போய்விடும். உயிர்வேதியியல் துறையில் இருந்துகொண்டு, புரதச் சிதைவு, மைட்டோகாண்ட்ரியா, டிஎன்ஏ பழுதுபார்ப்பு போன்ற ஒன்றை ஆழமாகத் தோண்ட விரும்பினால் ஈஸ்டை எடுங்கள். மற்றவர்கள் தாண்டிச் செல்லலாம்.

## நூற்புழு: ஒரு மரபணுவைப் பிடித்துக்கொள்பவர்களுக்கு

கெய்னோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடல். சிட்னி பிரென்னர் 1960களில் இதைத் தேர்ந்தெடுத்து, 1974இல் இதன் மரபியலை வெளியிட்டார். வளர்ந்த இருபால் புழுவில் 959 உடற்செல்கள், அவற்றில் 302 நரம்புச் செல்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறந்தது என்பது வரை தெரியும். பல செல் விலங்குகளில் மரபணுத்தொகை முதலில் படிக்கப்பட்டதும் இதற்குத்தான், 1998இல்.

முதுமை ஆய்வில் இதன் மதிப்பு ஒரு பெரிய அதிர்ச்சியிலிருந்து வந்தது. முதுமை ஆயிரம் பழுதுகளின் கூட்டுத்தொகை, ஒரு மரபணு அதில் என்ன செய்துவிட முடியும் என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், 1988இல் ஏஜ்-1 என்ற மரபணுவின் திடீர்மாற்றம் ஆயுளை நீட்டுவது உறுதியானது. 1993இல் சிந்தியா கென்யனின் குழு டாஃப்-2 என்ற மரபணுவின் திடீர்மாற்றம் ஆயுளை இரட்டிப்பாக்குவதைக் காட்டியது. அந்த மரபணு இன்சுலின் ஏற்பிக்கு உறவானது என்பது 1997இல் தெரிந்தபோது, புழுவின் கதை பாலூட்டிகளின் கதையோடு கைகோத்துக்கொண்டது.

வசதிகள் ஏராளம். ஒரு புழு தன்னிடமே கருவுற்றுச் சுமார் 300 குஞ்சுகள் போடும். ரகங்களை உறையவைத்து வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ரக மையத்திலிருந்து குறைந்த கட்டணத்தில் வரவழைக்கலாம். குறிப்பிட்ட மரபணுவுக்குரிய இரட்டை இழை ஆர்என்ஏவைத் தயாரிக்கும் பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்தே அந்த மரபணுவை அடக்கிவிடலாம். ஒரு மாதத்துக்குள் ஓர் ஆயுள் பரிசோதனை முடிந்துவிடும் என்பதால், தவறு செய்தாலும் மீண்டும் தொடங்க நேரம் இருக்கும். புதிய மாணவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை.

இப்போது மறைமுகச் செலவுகள். 300 குஞ்சுகள் என்பது வரமாகத் தோன்றும், ஆயுள் பரிசோதனையில் அதுவே தொல்லை. குஞ்சுகள் மூன்றே நாளில் பெற்றோரின் அளவுக்கு வளர்ந்து கலந்துவிடும். முட்டையிடும் காலம் முழுவதும் பெரியவற்றை நாள்தோறும் புதுத் தட்டுக்கு மாற்றவேண்டும். அல்லது ஃப்ளாக்ஸுரிடின் என்ற மருந்தைச் சேர்த்துக் குஞ்சு வராமல் தடுக்கவேண்டும். இந்த மருந்தே சில திடீர்மாற்ற ரகங்களின் ஆயுளை நீட்டிவிடுகிறது என்பது பின்னர் தெரிந்தது. சில தாய்ப்புழுக்களின் உடலுக்குள்ளேயே முட்டை பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்றுவிடும். சில புழுக்கள் தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துபோகும். இவற்றை முதுமைச் சாவாக எண்ணவும் கூடாது, கணக்கிலிருந்து ஒரேயடியாக அழித்துவிடவும் கூடாது. அந்த நாள் வரை உயிரோடிருந்தது என்ற அளவில் மட்டும் சேர்க்கவேண்டும். இதை முதல் நாளிலிருந்தே குறித்து வைக்காத நோட்டுப் புத்தகம் பிற்பாடு எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் காப்பாற்றப்படுவதில்லை.

மருந்து சோதிக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். புழுவின் உணவு உயிருள்ள ஈ.கோலை பாக்டீரியா. நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் புழுவின் ஆயுளை நீட்டுவது பெரிதும் அந்தப் பாக்டீரியாவின் வளர்சிதை மாற்றத்தைக் குலைப்பதன் வழியாகத்தான் என்று 2013இல் வெளிவந்தது. மூலிகைச் சாறு கொடுத்தேன், புழு நீண்ட நாள் வாழ்ந்தது என்று வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் எழும் சந்தேகம் இதுதான்: சாறு புழுவைத் தொட்டதா, அதன் சாப்பாட்டைத் தொட்டதா?

நம் ஊருக்கே உரிய செலவு வெப்பம். புழுவின் ஆயுள் வெப்பநிலைக்கு எதிர்த்திசையில் மாறும். 25 டிகிரியில் சுருங்கும், 15இல் நீளும். மே மாத மதுரையில் ஓர் இரவு மின்சாரம் போய் இன்குபேட்டர் 32 டிகிரிக்கு ஏறினால் அந்தப் பரிசோதனை போனதுதான். குளிரூட்டும் வசதியுள்ள இன்குபேட்டர், அதற்கெனத் தனி மின்சேமிப்பு, வெப்பநிலையைத் தானே பதியும் சிறு கருவி ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்கவேண்டாம்.

புழுவால் முடியாதவையும் உண்டு. வளர்ந்த புழுவின் உடற்செல்கள் பிரிவதில்லை. ஆகவே புற்றுநோய், திசுக்களைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் போன்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. தன்கருவுறுதலால் ஒரு ரகத்துக்குள் எல்லாப் புழுவும் ஏறக்குறைய ஒரே மரபணு வார்ப்பு. ஹவாயிலிருந்து எடுத்தது போன்ற காட்டு ரகங்களைக் கொண்டு இயற்கை வேறுபாட்டை ஆராய்கிறார்கள் என்றாலும், ஆணும் பெண்ணும் கலந்து வாழும் இனத்தொகையைப் பற்றிய கேள்விக்கு இது வளைந்துகொடுக்காது.

## பழ ஈ: இனத்தொகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு

வயதானால் ஏன் உடல் தேய்கிறது என்ற கேள்விக்குப் பரிணாமம் சொல்லும் விடை, இயற்கைத் தேர்வின் பிடி வயதோடு தளர்கிறது என்பது. இளமையில் கொல்லும் மரபணு சந்ததி இல்லாமல் அழியும். பிள்ளை பெற்ற பிறகு கொல்லும் மரபணு கைமாறிச் சென்றுவிடும். ஹண்டிங்டன் நோய் இவ்வளவு கொடியதாக இருந்தும் ஏன் மறையவில்லை என்பதை 1940களில் இந்த வழியில் யோசித்தவர், பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து புவனேஸ்வரில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன். 1952இல் பீட்டர் மெடவாரும் 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸும் இதைக் கோட்பாடாக வளர்த்தார்கள். வில்லியம்ஸின் கருத்து, இளமையில் நன்மை தரும் மரபணுவே முதுமையில் கேடு செய்யலாம் என்பது.

இதைச் சோதித்துப் பார்க்க ஈ கைகொடுத்தது. 1980களில் மைக்கேல் ரோஸ் ஓர் எளிய வேலை செய்தார்: முதிய பெண் ஈக்கள் இட்ட முட்டைகளை மட்டும் எடுத்து அடுத்த தலைமுறையை வளர்த்தார். இதைப் பல தலைமுறை தொடர்ந்தபோது நீண்ட ஆயுள் உடைய ஈக்கள் உருவாயின. அவை இளமையில் இடும் முட்டைகள் குறைந்தன. ஒரு மரபணுவையும் தொடாமல், இனப்பெருக்க வயதை மட்டும் மாற்றி, ஓர் இனத்தொகையின் முதுமையையே நகர்த்திய பரிசோதனை இது. புழுவில் இவ்வளவு இயல்பாக இதைச் செய்ய முடியாது. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் ஈக்களின் வாழ்க்கை வரலாற்றுப் பரிணாமம் நெடுங்காலமாக ஆராயப்படுகிறது, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஈ ரகங்களின் சேமிப்பகம் இருக்கிறது. ஆகவே இந்தியாவில் கேட்டுக் கற்க ஆட்கள் உண்டு.

ஈயில் இதயம், குடல், மூளை, கொழுப்புத் திசு எல்லாம் உண்டு. குடலில் குருத்தணுக்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயில் இணை இருக்கிறது. 1993இல் வந்த கேல்4 முறையால் ஒரு மரபணுவை வேண்டிய திசுவில் மட்டும் இயக்கலாம். உணவும் மலிவு: சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகார், பூஞ்சை வராமல் ஒரு தடுப்பான்.

பிறகு ஏன் தயக்கம்? ஈ ரகங்களை உறையவைக்க நடைமுறையில் எளிய வழி இல்லை. 25 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 18 டிகிரியில் சற்று நிதானமாக, ஒவ்வொரு ரகத்தையும் புதுக் குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பொங்கல் விடுமுறைக்கும் இது பொருந்தும். ஐம்பது ரகம் வைத்திருப்பவர் ஐம்பது வளர்ப்புப் பிராணிகளுக்குப் பொறுப்பேற்றவர்தான். மைட் என்ற நுண்பூச்சி ஒரு குப்பியில் நுழைந்தால் அலமாரி முழுவதும் பரவும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா செல்லுக்குள்ளேயே குடியிருந்து ஒரு ரகத்தின் ஆயுளை மாற்றக்கூடும். ஒப்பிடும் இரண்டு ரகங்களில் ஒன்றில் மட்டும் அது இருந்தால் மரபணுவின் வேலை என்று நீங்கள் நினைப்பது பாக்டீரியாவின் வேலையாக இருக்கும்.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு வாரச் சுழற்சியில் ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்படும் ஈக்கள், தாமாகவே விரைந்து இனம்பெருக்கும் திசையில் தேர்வாகிவிடுகின்றன. ரோஸ் செய்ததற்கு நேர் எதிரான தேர்வை நாம் அறியாமலேயே ஆய்வுக்கூடத்தில் நடத்துகிறோம். இப்படி ஆயுள் குறுகிய ரகத்தில் ஒரு திடீர்மாற்றம் ஆயுளை நீட்டினால், அது இழந்ததை மீட்டதா, புதிதாக எதையும் தந்ததா என்பதைச் சொல்வது கடினம். இயற்கையிலிருந்து பிடித்துப் பெரிய எண்ணிக்கையில், முதிய வயதிலும் முட்டை எடுத்து வளர்க்கும் இனத்தொகையைக் கட்டுப்பாடாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு இடமும் ஆளும் கூடுதலாக வேண்டும்.

உணவைக் குறைத்து ஆயுளைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈஸ்டின் அளவைக் குறைத்தால் ஈ அதிகமாகத் தின்று ஈடுகட்டும். எவ்வளவு உள்ளே போனது என்பதைச் சாயம் கலந்தாவது அளக்காமல் கலோரி பற்றிப் பேச முடியாது.

## கில்லி மீன்: முதுகெலும்பி வேண்டும், காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு

நோத்தோபிராங்கியஸ் ஃபர்செரி. ஜிம்பாப்வே, மொசாம்பிக் பகுதிகளில் மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் குட்டைகளில் வாழும் சிறுமீன். குட்டை வற்றுவதற்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு முடிக்கவேண்டும். முட்டைகள் அடுத்த மழை வரை சேற்றுக்குள் உறங்கும். ஆய்வுக்கூடங்களில் பரவலாக உள்ள ஜிஆர்இசட் ரகம் ஜிம்பாப்வேயின் கொனரேசோவில் பிடித்த மீன்களின் வழிவந்தது. நீர் வற்றாத தொட்டியிலும் இது சில மாதங்களில் கிழடுதட்டி, நிறம் மங்கி, முதுகு கூனிச் சாகிறது.

மரபணுத்தொகை 2015இல் வெளியானது. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையும் இதில் வேலை செய்கிறது. இளம் மீனின் குடல் நுண்ணுயிர்களை நடுவயது மீனுக்கு மாற்றினால் ஆயுள் நீளுகிறது என்று 2017இல் ஒரு ஜெர்மானியக் குழு காட்டியது. நோயெதிர்ப்பு மண்டலமும் முதுகெலும்பியின் மூளையும் உள்ள ஓர் உயிரியில் இத்தகைய கேள்வியைச் சில மாதங்களில் கேட்க முடிவதே இதன் கவர்ச்சி. உறங்கும் முட்டைகளை வைக்கும் படுக்கைகளில் தேங்காய் நார்த்தூளும் ஒன்று. அந்த ஒரு பொருளுக்காவது பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அலையவேண்டாம்.

செலவைப் பார்ப்போம். ஆண் மீன்கள் சண்டையிடும். ஆயுள் பரிசோதனைக்கு மீனுக்கு ஒரு தொட்டி. நூறு மீன் என்றால் நூறு தொட்டி, சுழலும் நீர், வடிகட்டி, நாள்தோறும் புழுத் தீவனம். உணவின் அளவும் தொட்டியின் நெரிசலும் ஆயுளைக் கணிசமாக மாற்றுவதால், இரண்டு ஆய்வுக்கூடங்களின் எண்களை நேராக ஒப்பிடமுடிவதில்லை. முட்டைகள் தம் விருப்பப்படி உறங்குவதால் ஒரே நாளில் பொரிந்த பெரிய குழுவைப் பெறுவதும் எளிதன்று. வெளிநாட்டு மீன் என்பதால் இறக்குமதி அனுமதியும், முதுகெலும்பி என்பதால் நெறிக்குழு ஒப்புதலும் தேவை. ஏற்கெனவே வரிமீன் (ஜீப்ரா மீன்) வளர்க்கும் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கும் துறையில் சேர்ந்தால் யோசியுங்கள். வெறும் அறையிலிருந்து தொடங்குவதென்றால் முதல் இரண்டாண்டு குழாய்களோடு போய்விடும்.

## சுண்டெலி: மதிப்பும் கண்ணியும்

பாலூட்டியில் செய்யாத எதையும் மருத்துவ உலகம் முழுமனதோடு நம்புவதில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. இந்தத் துறையின் மிகவும் நம்பகமான மருந்துச் செய்தி சுண்டெலியிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவில் மெய்ன், மிச்சிகன், டெக்சஸ் ஆகிய மூன்று இடங்களில் ஒரே பரிசோதனையை ஒரே சமயத்தில் நடத்தும் திட்டம் ஒன்று உண்டு. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தான ராபமைசினை 600 நாள் வயதில் கொடுக்கத் தொடங்கியபோதும் சுண்டெலிகளின் ஆயுள் நீண்டதை 2009இல் அந்தத் திட்டம் வெளியிட்டது. அவர்கள் ஒரே வார்ப்பான உட்கலப்பு ரகத்தைப் பயன்படுத்தவில்லை. நான்கு ரகங்களைக் கலந்து, ஒவ்வொரு குட்டியும் மரபணு அளவில் வேறாக இருக்கும் இனத்தொகையைப் பயன்படுத்தினார்கள். ஒற்றை ரகத்தில் கிடைக்கும் விடை அந்த ரகத்தின் குறைகளைப் பற்றியதாகவே இருந்துவிடலாம் என்பது காரணம். பரவலாக விற்கும் சி57 ரகத்தின் இரண்டு கிளைகளில் ஒன்றில் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த என்என்டி என்ற மரபணு சிதைந்திருக்கிறது, மற்றதில் இல்லை. பெயரைப் பார்த்து மட்டும் கட்டுப்பாட்டுக் குழுவை வாங்கினால் இங்கேயே தடுக்கி விழலாம்.

உணவுக் குறைப்பு ஆயுளை நீட்டும் என்ற பொதுவிதிகூட இதே பாடத்தைச் சொல்கிறது. 2010இல் 41 உட்கலப்புச் சுண்டெலி ரகங்களில் உணவைக் குறைத்துப் பார்த்த ஆய்வில், ஆயுள் நீண்ட ரகங்களைவிடக் குறைந்த ரகங்களே அதிகம்.

மாணவரின் கணக்கு வேறு. நெறிக்குழு ஒப்புதலுக்குச் சில மாதம், பின்னணிக் கலப்புக்கு இரண்டரை ஆண்டு, ஒரு முறை ஆயுள் பார்க்க இன்னும் இரண்டரை ஆண்டு. ஐந்தாண்டு முடிந்துவிட்டது, கையில் ஒரே ஒரு பரிசோதனை. வயதான சுண்டெலிகளை விலைக்கு வாங்குவது இங்கே எளிதன்று. நீங்களே வளர்த்துக் கிழடாக்கவேண்டும். அந்த இரண்டாண்டும் கூண்டு வாடகை, தீவனம், படுக்கைப் பொருள் என்று நாள்தோறும் செலவு. நெறிக்குழுவும் துடித்துச் சாகும் வரை விடச் சொல்லாது. மீளாத நிலைக்கு வந்ததும் கருணையோடு முடிக்கவேண்டும். ஆகவே நீங்கள் பதிவது சாவு நிகழ்ந்த நாள் அல்ல, ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்த நாள். அந்த முடிவை எடுப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியாமல் இருக்கவேண்டும்.

சுண்டெலி சரியான தேர்வாகும் சூழல் இரண்டு. நீண்டகாலமாகக் கூண்டுக்கூட்டம் வைத்திருக்கும் குழுவில் சேர்ந்து, ஏற்கெனவே கிழடான விலங்குகளின் தசை, எலும்பு, நினைவாற்றலை மட்டும் அளப்பது ஒன்று. புழுவிலோ ஈயிலோ கண்டதை, உறையவைத்த சுண்டெலித் திசுக்களில் சரிபார்த்து ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாக வைப்பது மற்றொன்று. முழு ஆயுள் பரிசோதனையைத் தனி மாணவர் தலையில் கட்டுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

## ஆய்வுக்கூடம் இல்லாவிட்டால்: தரவு

புள்ளியியலில் கை தேர்ந்தவர்களுக்கு உயிரியே வளர்க்காத வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுகளில் சோய் ஆடுகள் 1985 முதல் தனித்தனியாக அடையாளமிட்டுப் பின்தொடரப்படுகின்றன. பிரிட்டனின் யுகே பயோபேங்க் ஐந்து லட்சம் பேரின் மரபணு, உடல்நலத் தகவல்களை வைத்திருக்கிறது. இந்தியாவில் 45 வயதுக்கு மேற்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கிய முதுமை ஆய்வான லாசியின் முதல் சுற்றுத் தரவை மும்பை சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம்.

இங்கே மறைந்திருக்கும் பொறி, பலவீனமானவர்கள் முன்னதாகவே இறந்துவிடுவது. எண்பது வயதுக் குழு அறுபது வயதுக் குழுவைவிடச் சில அளவுகளில் திடமாகத் தெரிந்தால், வயது திடம் தந்தது என்று பொருளில்லை. நோயாளிகள் கணக்கிலிருந்து போய்விட்டார்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து அளந்த தரவால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். எதையும் மாற்றிப் பார்க்க முடியாது என்பது இந்த வழியின் நிரந்தர எல்லை. ஆனால் செலவு ஒரு மடிக்கணினி. உயிரின வேறுபாடு பற்றிய சமாதானமும் சொல்லவேண்டியதில்லை.

## புழுவுக்கும் ஈக்கும் நடுவே நிற்பவர்களுக்கு

நெறியாளருக்கு ஒன்றில் அனுபவம் இருந்தால் அதையே எடுங்கள்; உங்கள் ரசனைக்காக அதைத் தள்ளிவிடவேண்டாம். ஈயைக் கரியமில வாயுவில் மயக்கிப் பால் பிரிப்பதும், பிளாட்டினக் கம்பியால் புழுவைக் கீறாமல் தூக்குவதும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பவை. மூன்று அமெரிக்க ஆய்வுக்கூடங்கள் புழுவின் ஆயுளை ஒரே செய்முறையில் அளக்க முயன்றபோது, புழுவை எப்படிக் கையாள்வது என்பது வரை உட்கார்ந்து பேசி ஒத்துப்போக வேண்டியிருந்தது.

நெறியாளருக்கும் உங்களுக்கும் இரண்டிலும் அனுபவம் இல்லையென்றால் உங்கள் வாழ்க்கை முறையைப் பாருங்கள். அடிக்கடி ஊருக்குப் போகவேண்டிய குடும்பச் சூழல், துறையில் உதவிக்கு வேறு மாணவர் இல்லை என்றால் புழு. ரகங்கள் உறைவியில் கிடக்கும், திரும்பி வந்து எழுப்பிக்கொள்ளலாம். அறையில் நான்கைந்து பேர் முறைவைத்துக் குப்பி மாற்றுவார்கள் என்றால் ஈ. ஆண், பெண் வேறுபாடு உங்கள் கேள்வியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஈதான்.

எதை எடுத்தாலும் திடீர்மாற்ற ரகம் எதையும் வரவழைக்கும் முன், சாதாரண ரகத்தை மட்டும் வைத்து, குழுவுக்கு நூறு வீதம், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை ஆயுள் பாருங்கள். எந்த நாளில் எத்தனை மிஞ்சின என்று வரையும் இரண்டு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். புழுவின் இடைநிலை ஆயுள் (பாதிப் புழுக்கள் இறந்திருக்கும் நாள்) 20 டிகிரியில் இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள் வராவிட்டாலோ, ஈக்கள் முதல் வாரத்திலேயே கொத்தாகச் செத்தாலோ உணவு, வெப்பநிலை, கையாளும் முறை ஆகியவற்றில் ஒன்று சரியில்லை. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகு ரகத்துக்கான விண்ணப்பத்தை அனுப்புங்கள்.